சேற்று வழிச் சைக்கிளோட்டம்

சைக்கிள் பந்தயம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது நீண்ட தார் வீதியும், அதன்மீது காற்றெனப் பறந்து செல்லும் வீரர் கூட்டமுமே. சில்லு உருள்வதற்குச் செம்மையான பாதை வேண்டும் என்பது குழந்தையும் அறிந்த உண்மை. ஆயினும், சேற்றையும் மணலையும் செங்குத்தான மேட்டையும் வேண்டுமென்றே தேடிச் சென்று, அவற்றினூடே நடத்தப்படும் சைக்கிள் பந்தயம் ஒன்றும் உலகில் உண்டு. அதில் ஓடுபவர் இடையிடையே வண்டியினின்றும் குதித்திறங்கி, அதனைத் தோளிலே சுமந்துகொண்டு ஓடி, மீண்டும் தாவியேறிச் செல்வார். 'சைக்கிளோ குறொஸ்' என்பது இப்பந்தயத்தின் பெயர். இது எத்தகையது, இதிற் புதிதாகப் புக விரும்புவோர்க்கு எத்தகைய வண்டியும் பயிற்சியும் வேண்டும் என்பவற்றை இன்று நோக்குவோம்.

இப்பந்தயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டிலே உருப்பெற்றது. வீதிப் பந்தயங்கள் ஓய்ந்திருக்கும் குளிர் காலத்தில் உடலுரம் குன்றாதிருக்கும்பொருட்டு, வீரர்கள் வயல்களையும் வேலிகளையும் கடந்து ஓட்டிப் பழகினர் என்பர். தானியேல் குசோ என்னும் பிரெஞ்சுப் படைவீரரின் முயற்சியால் 1902ஆம் ஆண்டில் அந்நாட்டின் முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றது. 1910ஆம் ஆண்டில் 'தூர் த பிரான்சு' என்னும் மாபெரும் வீதிப் பந்தயத்தை வென்ற ஒக்தாவ் லாப்பீஸ், குளிர் காலத்து இப்பயிற்சியே தமக்குத் துணை நின்றதென்று கூறினாராம். அதன்பின் இதன் புகழ் அயல் நாடுகளிலும் பரவலாயிற்று. 1950ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் முதலாவது உலகப் போட்டி நிகழ்ந்தபோது வாகை சூடியவர் ஜான் ரொபிக். அவரும் 1947ஆம் ஆண்டில் தூர் த பிரான்சில் வென்றவரே. பின்னர் பெல்ஜிய நாட்டு வீரர் எரிக் த விளாமிங்க் 1966 முதல் 1973 வரையுள்ள காலத்தில் ஏழு முறை உலக வெற்றியை ஈட்டினார். பெண்களுக்கான உலகப் போட்டி 2000ஆம் ஆண்டிலேதான் தொடங்கியது. அதில் ஒல்லாந்து நாட்டு மரியான் வொஸ் 2006க்கும் 2022க்கும் இடையே எட்டு முறை முதலிடம் பெற்றார்.

இன்று இவ்விளையாட்டின் தாயகம் போல் விளங்குவது பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியாகும். அங்கே கொக்ஸைட என்னுங் கடலோர ஊரின் மணற்குன்றுகளிலும், கொப்பன்பேர்க் என்னும் மேட்டுச் சரிவின் புல்வெளிகளிலும் பந்தயம் நடக்கும் நாள்களில் மக்கள் திருவிழாவுக்குக் கூடுவதுபோற் கூடுவர். இங்கிலாந்திலோ பூங்காக்களிலும் பாடசாலை மைதானங்களிலும் வார இறுதி தோறும் சிறு கழகங்கள் பந்தயங்களை நடத்துகின்றன. சிறுவர், பெண்டிர், ஐம்பது வயதைக் கடந்தோர் ஆகிய அனைவருக்கும் அவற்றில் இடமுண்டு. புரட்டாதியிலே தொடங்கும் பருவம், மாசி மாதம் வரை நீளும்.

பந்தய வழியின் அமைப்பைச் சற்றே நோக்குவோம். ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரைக் கிலோமீற்றர் வரை நீளமுடையது. அதனைப் பல முறை சுற்றிவர வேண்டும். வழியின் பெரும்பகுதி ஓட்டிச் செல்லத் தக்கதே. எஞ்சிய சிறு பகுதியிலேதான் சோதனைகள் காத்திருக்கும். சில இடங்களில் 40 சென்ரிமீற்றர் உயரம் வரையிலான பலகைகளைக் குறுக்கே நிறுத்தியிருப்பர். சில இடங்களிற் படிக்கட்டோ, மணற் பள்ளமோ, வழுக்கும் சரிவோ இருக்கும். முதற்றர ஆடவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடுவர். புதியவர்க்குரிய பந்தயம் பெரும்பாலும் 40 நிமிடத்துள் முடியும். காலத்தாற் குறுகியதாயினும், மூச்சுவிட நேரந் தராத ஓட்டம் இது.

இனி, புதியவர் மனத்தில் முதலில் எழும் வினாவுக்கு வருவோம். 'எந்த வண்டியை வாங்குவது?' என்பதே அது. இந்த வினாவினாலேயே பலர் இவ்விளையாட்டின் வாயிலிலிருந்து திரும்பிப் போய்விடுகின்றனர். தேர்ந்த வீரர்கள் கரியிழையாற் செய்த இரண்டு மூன்று வண்டிகளை வைத்திருப்பர். ஒன்று சேறுபடிந்ததும், அதற்கெனக் குறித்த ஒழுங்கையிற் புகுந்து வேறொன்றுக்கு மாறுவர். முதல் வண்டியை உதவியாளர் அதற்குள் நீரடித்துக் கழுவிவிடுவர். இவற்றைக் கண்டு மலைத்தல் வேண்டா. கழகப் பந்தயங்கள் பலவற்றில் சாதாரண மலைச் சைக்கிளையும் அனுமதிக்கிறார்கள். சில்லுக்கும் சட்டத்துக்கும் இடையே சேறு அடைபடாது வழிய இடமிருந்தால், முதற் பருவத்துக்கு அதுவே போதும். பந்தயத்திற் பின்தங்குவோர் பெரும்பாலும் வண்டியின் குறையாற் பின்தங்குவதில்லை. அவர்கள் காலத்தை இழப்பது இறங்கும் இடத்திலும் ஏறும் இடத்திலுமே. அத்திறமையைப் பணங்கொடுத்து வாங்க இயலாது. புல்வெளியும் பொறுமையும் இருந்தால் எவரும் அதனைப் பெறலாம்.

ஆயினும், கையிற் சிறிது பணமிருப்பின் அதனை எதிற் செலவிடுவது? தயங்காது ரயரிற் செலவிடுக. நிலத்தைப் பற்றும் பொருள் அஃதொன்றே. பக்கங்களிற் புடைப்புகள் உள்ள ரயர் சேற்றுக்கு ஏற்றது. சர்வதேசப் போட்டிகளில் ரயரின் அகலம் 33 மில்லிமீற்றரை மிஞ்சலாகாது என்பது விதி. கழகப் பந்தயங்களில் அகன்ற ரயருக்கும் பெரும்பாலும் தடையில்லை.

ரயரைவிட முக்கியமானது அதனுள் இருக்கும் காற்று. வீதியில் ஓடப் பழகியவர் ரயரைக் கல்லென இறுக்கி வைப்பர். அத்தகைய ரயர் ஈரப் புல்லிலே வழுக்கும், வேரிலும் கல்லிலும் துள்ளும். காற்றைக் குறைத்தால் ரயர் நிலத்தோடு படிந்து பற்றிக்கொள்ளும். உள்ளே ரியூப் இருக்குமாயின் சதுர அங்குலத்துக்கு 30 முதல் 35 இறாத்தல் அழுத்தத்திற் தொடங்கலாம். ரியூப் இல்லாத வகையானால் 25 அளவுக்கும் இறக்கலாம். உடற்பாரம் கூடியவர் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும். மிகக் குறைத்தாலும் கேடுண்டு. கல்லில் மோதும்போது சில்லின் விளிம்பு ரியூப்பை நசுக்கி, பாம்பு தீண்டினாற்போல் இரண்டு துளைகளை அருகருகே ஏற்படுத்திவிடும். இரண்டுக்கும் நடுவே தமக்குரிய அளவை ஒவ்வொருவரும் பழகியே கண்டுகொள்ள வேண்டும்.

அடுத்து, பற்சில்லுகள். முன்னே ஒரேயொரு பற்சில்லும், பின்னே மேடேறுவதற்கு உதவும் பெரிய பற்சில்லொன்றும் இருத்தல் நன்று. முன்னே இரண்டிருந்தால் அவற்றிடையே சேறும் புல்லும் சிக்கிச் சங்கிலி கழன்றுவிழ இடமுண்டு. பிறேக்கைப் பொறுத்தவரை, சில்லின் விளிம்பைப் பற்றும் பழைய வகை சேற்றில் வலுவிழக்கும். 2010ஆம் ஆண்டில் சர்வதேசப் போட்டிகளில் அனுமதி பெற்ற டிஸ்க் பிறேக் இவ்வகையில் மேலானது. ஆனாற் பழைய பிறேக்குடன் அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகப் போட்டிகள் நடந்துவந்தன என்பதையும் மறத்தலாகாது. தண்ணீர்ப் போத்தலையும் அதனைத் தாங்கும் கம்பியையும் கழற்றிவிடுக. வண்டியைத் தோளில் ஏற்றும்போது அவை இடையூறாகும். அடியிற் புடைப்புள்ள சப்பாத்தும் இன்றியமையாதது.

இனிப் பயிற்சி. முதலிற் கற்க வேண்டியது இறங்குதல். இதனை நடைவேகத்தில், மெத்தென்ற புல்லின்மீது தொடங்குக. வலக்காலை ஆசனத்துக்குப் பின்புறமாகச் சுழற்றி இடப்புறம் கொண்டு வருக. அப்போது உடல் இடக்காலின் மீது நிற்கும். வலக்கை வண்டியின் மேற்குழாயைப் பற்றியிருக்கட்டும். பின்னர் இடக்காலைப் பெடலினின்றும் விடுவித்து, வலக்காலை நிலத்தில் ஊன்றி, நில்லாது ஓடத் தொடங்குக. தடை குறுகியதாயின் மேற்குழாயைப் பிடித்து வண்டியைத் தூக்கினாற் போதும். நெடிய மேடாயின், வலக்கையைச் சட்டத்தினூடே செலுத்தித் தோளிலே வண்டியை ஏற்றி, அக்கையாலேயே முன்புறத்தைப் பற்றிக்கொள்க. இடக்கை சமநிலைக்காக வீசுவதற்கு உரியது.

ஏறுதல் இதனினும் கடினம். வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடும்போதே, இடக்காலால் நிலத்தை உந்தி எழுந்து, வலத் தொடையின் உட்புறம் ஆசனத்தைத் தொடுமாறு சாய்ந்து வழுகி அமர வேண்டும். நேராக ஆசனத்தின்மேற் குதித்தல் தவறு. அது நோவையும் தரும், வேகத்தையும் கெடுக்கும். புதியவர் பெரும்பாலும் தாவுமுன் இரண்டு மூன்று சிற்றடிகள் வைத்துத் தயங்குவர். அந்தத் தயக்கத்தைப் போக்குவதே பயிற்சியின் நோக்கம். வாரத்தில் இரு நாள்கள், நாளொன்றுக்கு அரை மணி நேரம் இதற்கென ஒதுக்கினால், ஒரு மாதத்தில் உடல் தானாகவே இதனைச் செய்யக் காணலாம்.

எங்கே இறங்குவது என்பதும் ஒரு கலையே. சைக்கிளினின்றும் இறங்குதல் தோல்வி என்ற எண்ணம் நம்மிற் பலர்க்கு உண்டு. ஆதலாற் புதியவர் மேட்டிலே முடிந்தமட்டும் மிதித்து, பாதி வழியிற் சில்லு சுழன்று வழுக்க, நின்றுபோன நிலையிலே இறங்குவர். இருந்த வேகம் முழுவதும் அப்போதே அழிந்துவிடும். பின்னால் வருபவர்க்கும் வழி அடைபடும். தேர்ந்தவரோ மேட்டின் அடியிலேயே, வேகம் இருக்கும்போதே குதித்து, அவ்வேகத்தைத் தம் கால்களுக்கு மாற்றி ஓடி ஏறுவர். ஓட்டத் தகுந்த மேடு எது, ஓடித் தீரவேண்டிய மேடு எது என்று முன்கூட்டியே முடிவு செய்வதிலேதான் அவர்தம் நுட்பம் அடங்கியிருக்கிறது.

மணலிலும் வளைவிலும் வேறு விதிகள் உண்டு. மணலுக்குள் நல்ல வேகத்துடன் நுழைக. உடற்பாரத்தைச் சற்றுப் பின்தள்ளி, கைகளை இறுக்காது, மிதிப்பதை நிறுத்தாது செல்க. முன்சில்லைத் திருப்ப முயன்றால் அது புதைந்துவிடும். வளைவிலோ, பிறேக்கை வளைவுக்கு முன்னரே பிடித்து விடுக. வளையும்போது பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். கண் செல்லும் வழியே வண்டியும் செல்லும்.

உடலுரத்துக்கு வாரத்தில் மூன்று வேலைகள் போதும். ஒரு நாள் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், பேசிக்கொண்டே செல்லக்கூடிய மெதுவான ஓட்டம். மற்றொரு நாள் ஒரு நிமிடம் முழு வேகம், ஒரு நிமிடம் ஓய்வு என ஆறு முறை ஓட்டுக. பத்து நிமிடம் இளைப்பாறியபின் இன்னும் ஆறு முறை. பந்தயத்தில் வேகம் இவ்வாறே கூடியும் குறைந்தும் வருமாதலின் இப்பயிற்சி மிகப் பயன்படும். மூன்றாவது, கால்நடையான ஓட்டம். சைக்கிள் மட்டும் ஓட்டிப் பழகிய கால்கள் ஓட்டத்தின் அதிர்வைத் தாங்கா. ஆதலால் முதலிற் பத்து நிமிடம், பின்னர் பதினைந்து என்று படிப்படியாகக் கூட்டுக. பந்தயத்துக்கு முந்திய இரு நாள்களிற் கடும் பயிற்சி வேண்டா.

பந்தய நாளன்று ஒரு மணி நேரம் முன்னதாகச் சென்று, வழியை இரு முறை சுற்றிப் பார்த்தல் அவசியம். இறங்கும் இடங்களைக் குறித்துக்கொள்க. காற்றின் அளவையும் அங்கேயே முடிவு செய்க. தொடக்கத்தில் எல்லோரும் அம்பெனப் பாய்வர். முதல் வளைவு குறுகியதாதலின் முன்னே செல்வோர்க்கு அது நன்மையே. புதியவர் அந்த வேகத்தைத் தொடர முயன்றால் இரண்டாம் சுற்றிலேயே களைத்துவிடுவார். எல்லாச் சுற்றுகளையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடிப்பதையே அவர் தம் முதற் குறிக்கோளாகக் கொள்ளலாம்.

இறுதியாக ஒன்று. வீதிப் பந்தயத்திற் பின்தங்கியவர், கூட்டத்தை இழந்து, ஆளில்லாத வீதியிலே தனித்து ஓட நேரிடும். அவர் வந்து சேரும்போது பார்வையாளரும் கலைந்திருப்பர். கழகங்கள் நடத்தும் சைக்கிளோ குறொஸ் பந்தயத்தில் அந்நிலை இல்லை. முன்னோடி ஒரு சுற்று முந்திச் சென்றாலும், பின்வருபவர் அவருக்கு வழிவிட்டுத் தம் ஓட்டத்தைத் தொடரலாம். முன்னோடி இறுதிக் கோட்டைத் தாண்டியதும், ஏனையோர் தத்தம் சுற்றை முடித்து அதே கோட்டைத் தாண்டுவர். எட்டுச் சுற்று ஓடியவரும் ஐந்து சுற்று ஓடியவரும் சில நிமிட இடைவெளிக்குள் அங்கே வந்து சேர்வர். இருவர் முகத்திலும் ஒரே சேறு படிந்திருக்கும். அடுத்த வாரம் ஆறாவது சுற்றையும் ஓடிவிட வேண்டும் என்ற எண்ணத்தோடு, பின்னவரும் தம் வண்டியைக் கழுவத் தொடங்குவார்.