வடிகால் கேட்கும் ஊரும் வேண்டாம் என்ற ஊரும்

மண்ணூர்பேட்டை, கொரட்டூர், பாடி பக்கம் எந்தக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் கோப்பைப் புரட்டினாலும் மழைநீர் வடிகால் கேட்டு எழுதிய மனு ஒன்றாவது கிடைக்கும். மண்டல அலுவலகத்தின் முத்திரை, நினைவூட்டல் கடிதம், அதற்கும் ஒரு நினைவூட்டல் என்று அது நீண்டுகொண்டே போகும். மழைக்காலத்தில் சி.டி.எச். சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு அந்த மனுவின் நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதே சென்னை மாநகராட்சியின் இன்னொரு கோடியில், கொட்டிவாக்கம் தொடங்கி உத்தண்டி வரை கடலை ஒட்டியுள்ள நகர்களின் சங்கங்கள் நேர்மாறாகப் பேசின. கோவளம் வடிநிலத் திட்டத்தின் கீழ், ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு மாநகராட்சி வடிகால் கட்ட வந்தபோது, ‘எங்கள் தெருவுக்கு வேண்டாம்’ என்றன. 2020 வாக்கில் விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்குப் போய்விட்டது. வீடு தேடி வரும் வேலையை வேண்டாம் என்று சொல்வார்களா? கடலோரக்காரர்களின் வசதிக் கொழுப்பு என்று அப்போது பேசியவர்களும் உண்டு. விஷயம் அவ்வளவு லேசானது அல்ல. அதில் மண்ணூர்பேட்டைக்கும் வேலை இருக்கிறது.

முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். திருவான்மியூருக்குத் தெற்கே கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே இருப்பது ஒடுங்கிய மணல் திட்டு. பெய்கிற மழையை மணல் அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போன நன்னீர், அடியில் இருக்கும் கடல் நீரின் மேல் மிதந்து நிற்கிறது. உப்புநீரைவிட அது எடை குறைவு என்பதே காரணம். இதற்கு நிலத்தடி நீரியலில் பழைய கணக்கு ஒன்று உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி இறங்கினால், காலப்போக்கில் கீழே 40 அடிக்கு உப்பு ஏறி வரும். இப்படிப்பட்ட இடத்தில் ஆழமாகக் கான்கிரீட் வடிகால் வெட்டி, மணல் குடிக்க வேண்டிய மழையைக் கடலில் கொண்டுபோய் விட்டால் கிணறு உப்பாகும். சங்கங்களின் வாதத்துக்கு அடிப்படை இதுதான். குழாய்த் தண்ணீர் சரிவர எட்டாத பகுதிகளில் கிணறும் ஆழ்துளைக் கிணறும்தான் குடும்பத்தை நடத்துகின்றன.

இரண்டாவது பயம் சாக்கடை. பாதாளச் சாக்கடை முழுமையாக வராத இடத்தில் மழைநீர் வடிகாலைக் கட்டினால், ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவுநீர்க் குழாயை அதில் சொருகிவிடுவார்கள். இதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை, சென்னையில் எந்தத் தெருவிலும் மூடியைத் திறந்தால் போதும். அந்த வடிகாலின் வாய் திறப்பது கடற்கரையில். அங்கே படகு நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள், ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. அலையேற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளும் இருக்கின்றன.

மணலோடு ஒத்துப்போகும் மாற்று வழி இதே கடலோரத்தில்தான் வளர்ந்தது. தொண்ணூறுகளின் நடுவில் பெசன்ட் நகரில் சேகர் ராகவன் வீடுவீடாகப் போய் மழைநீரைப் பூமிக்குள் இறக்கச் சொன்னார். 2002-ல் மந்தைவெளியில் ‘ஆகாச கங்கா’ மழை இல்லம் திறக்கப்பட்டது. 2003-ல் மழைநீர்ச் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் தமிழக அரசு கட்டாயமாக்கியது. வீட்டுக்கு ஒரு முறை, தெருவுக்கு வேறு முறை ஏன் என்று ஒரு சங்கம் கேட்டால் அது நியாயமான கேள்வியே.

மேற்கே, மண்ணூர்பேட்டை இருக்கும் அம்பத்தூர் பக்கம், நிலைமை வேறு. அங்கே பெரும்பாலும் களிமண். மேல்மண் நனைந்ததும் வாயை மூடிக்கொள்ளும். தண்ணீர் இறங்காது, ஓடத்தான் செய்யும். அதற்கு வழி தெரிந்தே முன்னோர் ஏரிகளைத் தொடராக வெட்டினார்கள். அம்பத்தூர் ஏரி நிறைந்தால் உபரி கொரட்டூர் ஏரிக்கு, அங்கிருந்து ரெட்டேரிக்கு. 1960-களில் தொழிற்பேட்டை வந்தது, சுற்றிலும் மனைப்பிரிவுகள் வந்தன. போக்குக் கால்வாய்களுக்கு முன்பிருந்த அகலம் மிஞ்சவில்லை. ஆகவே மண்ணூர்பேட்டையின் வடிகால் மனு தவறல்ல. கொட்டிவாக்கத்தின் மறுப்பும் தவறல்ல. ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் பெட்டியை இரண்டு ஊருக்கும் இறக்குவதில்தான் கோளாறு.

இரண்டு ஊரும் 2011-ல் ஒன்றாகத்தான் மாநகராட்சிக்குள் வந்தன என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம். அம்பத்தூர் நகராட்சியும், பாலவாக்கம், கொட்டிவாக்கம் போன்ற கிராம ஊராட்சிகளும் உள்பட 42 உள்ளாட்சி அமைப்புகள் சேர்ந்து, 176 சதுர கி.மீ. பரப்பு 426 ஆனது. ஊராட்சித் தலைவரைத் தெருவிலேயே மறித்துக் கேட்கும் வசதி அன்றோடு போயிற்று. அடுத்து 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரியில்தான் மறுபடி தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுக்கும் மேலாகக் கவுன்சிலரே இல்லை. கடலோர வடிகால் தகராறு மூண்டது இந்த இடைவெளியில்தான். கேட்பதற்கு ஆள் இல்லாததால் சங்கங்களே வார்டு உறுப்பினரின் வேலையைச் செய்தன என்பது என் கணிப்பு.

அதற்காகச் சங்கங்களை ஒரேயடியாகப் புகழவும் முடியாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் தொடங்கிவிடலாம். அந்த ஏழு பேர் யார் என்று சட்டம் கேட்பதில்லை. நடைமுறையில் சொந்த வீட்டுக்காரர்கள், அதிலும் ஓய்வுபெற்றவர்கள். வாடகைக்கு இருப்பவருக்குச் சந்தா ரசீது கிடைப்பதே அபூர்வம். கடலோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு: நகரின் சங்கத்துக்குப் பக்கத்திலேயே குப்பத்தின் ஊர்ப் பஞ்சாயத்து இருக்கிறது. அது சங்கத்தைவிட மூத்தது. இரண்டும் சேர்ந்த காலமும் உண்டு, மோதிய காலமும் உண்டு. கலங்கரை விளக்கத்திலிருந்து கடற்கரையோரமாகவே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேம்பாலச் சாலை போட 2009-ல் திட்டம் வந்தபோது பெசன்ட் நகர்க்காரர்களும் ஊரூர் குப்பத்து மீனவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். அந்தச் சாலை வரவில்லை. 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன் கடைகளால் போக்குவரத்து நெரிசல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தபோது, காரில் போகிறவரின் அவசரம் ஒரு பக்கம், மீன் விற்கும் பெண்ணின் பிழைப்பு மறுபக்கம் என்று ஆயிற்று. மீனவர்கள் படகுகளைச் சாலைக்குக் குறுக்கே போட்டார்கள். 366 கடைகளோடு நவீன மீன் அங்காடி அங்கே திறக்கப்பட்டது 2024 ஆகஸ்ட்டில்.

மண்ணூர்பேட்டையில் கடல் இல்லையே என்று தோன்றலாம். வடிகால் எங்கே போய் முடிகிறது என்று வரைபடத்தில் விரலை வைத்துப் போனால் கடல் வந்துவிடும். அம்பத்தூர் மண்டலத்தின் பெரும்பகுதிக்கு அது கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் முகத்துவாரம். மேட்டில் இருப்பவர்கள் விடுவது பள்ளத்தில் இருப்பவர்களின் வலையில் ஏறும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கிய அதே நாட்களில், மணலி சி.பி.சி.எல். ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் குப்பங்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. பக்கத்து ஊரிலேயே நல்ல முன்னுதாரணமும் இருக்கிறது: ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்துக் கொரட்டூர் ஏரி பாதுகாப்பு மக்கள் இயக்கம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்ற மனுவைவிட, இந்தத் தண்ணீர் எந்த ஏரிக்குப் போகிறது என்ற மனு அதிகாரியை அதிகம் திணறவைக்கும்.

அம்பத்தூரை உள்ளடக்கிய கொசஸ்தலை வடிநிலத் திட்டம் 3,220 கோடி ரூபாய்க்கு ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனில் நடப்பது. ஆகவே சங்கம் கேட்க வேண்டியது வடிகால் வருமா என்பதை மட்டுமல்ல. வடிகாலின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கிறது, விழும் இடம் அதைவிடத் தாழ்வா, நடுவே எத்தனை கழிவுநீர் இணைப்புகள் இருக்கின்றன, வண்டல் பிடிக்கும் தொட்டிகளை யார் எப்போது அள்ளுவார்கள்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வரைபடத்தையும் மட்ட அளவுகளையும் கேட்டு வாங்கலாம். 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கியிருக்கின்றன. வார்டு உறுப்பினர் தலைமையில் நடக்கும் அந்தக் கூட்டத்தில் கேள்வியைப் பதிவு செய்யச் சொல்லலாம். மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்தால் புகார் எண் கிடைக்கும், அதைக் குறித்து வைப்பது நல்லது. கடன் கொடுத்த வங்கிக்கும் புகார் கேட்கும் அமைப்பு உண்டு. பாதிக்கப்படுகிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தாலே அது கேட்க வேண்டும். சங்கப் பதிவுகூடத் தேவையில்லை.

எதுவும் நடக்காவிட்டால் தீர்ப்பாயம் இருக்கிறது. இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் தருவார்கள். நினைவூட்டல் கடிதம் அனுப்பிக்கொண்டே இருக்கும் சங்கங்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தத் தேதியைத்தான்.