உற்பத்தி குறைந்தால் அடக்க விலை உயர்வது ஏன்? அந்தமான் மர ஆலை உணர்த்தும் கணக்கு

ஸ்ரீ விஜயபுரம்: அந்தமான்-நிகோபார் தீவுகளின் தலைநகரை ஒட்டியுள்ள சாத்தம் தீவில் 1883-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மர அறுவை ஆலை, ஆசியாவின் மிகப் பழமையான மர ஆலைகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. வனத் துறை நடத்தும் இந்த ஆலையின் வரலாறு, பொறியியல் தொழிலின் அடிப்படைக் கேள்வி ஒன்றுக்கு விடை தருகிறது: ஒரு பொருளைச் செய்ய உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

மூலப்பொருள் கணக்கு

செலவு மதிப்பீடு மூலப்பொருளில் தொடங்குகிறது. முழு மரத்தை அறுக்கும்போது பட்டை, ஓரத்துண்டுகள், மரத்தூள் எனக் கணிசமான பகுதி கழிகிறது. 100 கன அடி மரத்திலிருந்து 50 கன அடி பலகை மட்டுமே கிடைத்தால், பலகையின் மூலப்பொருள் செலவு மரத்தின் விலையைப் போல் இரு மடங்காகிறது. வாளின் தடிமன் கூடினால் மரத்தூளும் கூடும்.

லேத் பட்டறைக்கும் இதே விதி பொருந்தும். 10 கிலோ இரும்புத் தண்டைக் கடைந்து 7 கிலோ எடையுள்ள பாகம் செய்தால், 10 கிலோவுக்கான விலையைக் கணக்கில் சேர்த்து, 3 கிலோ கழிவை விற்றுக் கிடைக்கும் தொகையை மட்டும் கழிக்க வேண்டும். தீவுகளில் பழைய இரும்பை உருக்கும் ஆலைக்கு அனுப்பவும் கப்பல் கட்டணம் உண்டு என்பதால், அந்தத் தொகை சிறியதாகவே இருக்கும்.

நிலைச் செலவின் சுமை

மூலப்பொருள், கூலி, மின்சாரம் ஆகியவை உற்பத்திக்கு ஏற்ப மாறும் செலவுகள். வாடகை, இயந்திரத் தேய்மானம், கடன் வட்டி, நிரந்தர ஊழியர் சம்பளம் ஆகியவை நிலைச் செலவுகள்.

உதாரணமாக, ஒரு பட்டறையில் ஒரு பாகத்துக்கு மாறும் செலவு ரூ.1,000, மாத நிலைச் செலவு ரூ.60,000 என வைத்துக்கொள்வோம். மாதம் 300 பாகங்கள் செய்தால் ஒன்றின் அடக்க விலை ரூ.1,200. உற்பத்தி 100 ஆகக் குறைந்தால் அது ரூ.1,600 ஆகிவிடும். ரூ.1,300-க்கு ஒப்பந்தப்புள்ளி அளித்திருந்தால், முதல் நிலையில் ரூ.30,000 லாபம், இரண்டாவதில் ரூ.30,000 நஷ்டம். லாபமும் நஷ்டமும் இல்லாத அளவு 200 பாகங்கள்.

2002 மே 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, அந்தமானின் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் என வரம்பிட்டது. வெளியே அனுப்பி விற்கவும் தடை விதித்தது. காடுகளைக் காக்கும் இந்த முடிவால் ஆலைக்கு வரும் மரத்தின் அளவு சுருங்கியது. கட்டடமும் இயந்திரங்களும் அப்படியே இருக்க, அவற்றின் செலவைக் குறைந்த அளவு பலகைகளே சுமக்க வேண்டியதாயிற்று.

கடல் கூட்டும் செலவு

சென்னையிலிருந்து ஸ்ரீ விஜயபுரம் சுமார் 1,200 கி.மீ. கடல் தொலைவில் உள்ளது. உருக்கு, வெட்டுக் கருவிகள், உதிரி பாகங்கள் ஆகியவை பெரும்பாலும் கப்பலிலேயே வந்து சேர வேண்டும். சரக்குக் கட்டணத்துடன், ஏற்றி இறக்கும் கூலியும் காத்திருக்கும் நாட்களும் செலவில் அடங்கும். ஒரு பேரிங் பழுதானால் இயந்திரம் வாரக்கணக்கில் நிற்கக்கூடும் என்பதால் உதிரி பாகங்களை முன்கூட்டியே வாங்கி வைக்க நேரிடுகிறது. அதில் முடங்கும் பணத்தின் வட்டியும் ஒரு செலவே.

தயாரிப்பு நேரமும் முக்கியம். இயந்திரத்தை ஒரு வேலைக்கு ஆயத்தப்படுத்த 60 நிமிடங்கள் ஆனால், 20 பாகங்களுக்கு அது தலா 3 நிமிடங்கள்; ஒரே பாகத்துக்கு முழு 60 நிமிடங்கள். ஆர்டர்கள் சிறிதாக வரும் தீவுச் சந்தையில் இந்த வேறுபாடு பெரிது.

எனவே, சென்னை அல்லது கோவை விலைப் பட்டியலுடன் சரக்குக் கட்டணத்தை மட்டும் சேர்த்து விலை கூறும் சிறு பட்டறை, வேலை கிடைத்தும் நஷ்டமடையலாம். உறுதியாகக் கிடைக்கக்கூடிய ஆர்டர்களின் எண்ணிக்கையை முதலில் மதிப்பிட்டு, நிலைச் செலவை அதன் மீது பகிர்ந்த பிறகே விலையை முடிவு செய்வது பாதுகாப்பானது.