விரல் நுனியில் ஒரு தொல்பொருள்

மலேசியாவின் செடெனாக்கில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இன்று தொழில்நுட்பப் பூங்காவும் தரவு மையங்களும் எழுகின்றன. புரட்டிப்போட்ட மண்ணில் ஒரு நாணயம் தென்பட்டால் யாரும் குனிந்து எடுப்பார்கள். களிம்பேறி நசுங்கிய சிறு உலோகக் குப்பி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம். அது ஒரு விரலுறையாக இருக்கலாம். கையால் தைப்பவர்கள் ஊசியைத் தள்ளும்போது விரலில் குத்தாமல் இருக்க மாட்டிக்கொள்வது அது. தொல்லியலாளருக்கு நாணயம் எவ்வளவு முக்கியமோ, இதுவும் அவ்வளவு முக்கியம்.

விரலுறையின் வெளிப்புறம் முழுக்கச் சிறு குழிகள் இருக்கும். அவை அழகுக்கு இட்டவை அல்ல. தோலையோ தடித்த துணியையோ தைக்கும்போது ஊசியின் காதுள்ள முனையை விரலால் அழுத்தித் தள்ள வேண்டும். மேற்பரப்பு வழவழப்பாக இருந்தால் முனை சறுக்கி விரலைப் பதம் பார்த்துவிடும். குழி அதை நழுவாமல் பிடித்துக்கொள்கிறது. விரலுறையின் வயதைக் கணிக்கவும் இந்தக் குழிகளே முதல் தடயம்.

ஐரோப்பிய விரலுறைகளைப் பாருங்கள். பழையவை வார்த்தோ, தகட்டை அடித்துக் குழித்தோ செய்யப்பட்டவை. குழிகளை ஒவ்வொன்றாகக் கையால் அடித்தார்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் வரிசை கோணலாக, விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி மேலேறுவது தெரியும். ஒரு குழி ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் இருக்கும். இடைக்காலத்துக்குரிய சிலவற்றில் உச்சிப்பகுதி குழியே இல்லாமல் வழுக்கையாக விடப்பட்டிருக்கும். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் விரலுறை செய்வதே தனித்தொழிலாக வளர்ந்தது. அங்கே செய்த பித்தளை விரலுறைகள் பலவற்றில், விளிம்பருகே செய்தவரின் பொடி முத்திரையைக் காணலாம்.

17-ஆம் நூற்றாண்டில் இயந்திரம் வந்தது. புடைப்புகள் கொண்ட உருளையை அழுத்திச் சுழற்றியதும் குழிகள் ஒரே அளவில், ஒரே வரிசையில் விழுந்தன. ஹாலந்தில் பிறந்த ஜான் லாஃப்டிங் இங்கிலாந்தில் குடியேறி, 1693-இல் இதற்கான காப்புரிமை பெற்றார். பிறகு தேம்ஸ் கரையிலுள்ள மார்லோவில் நீர்ச்சக்கரத்தால் ஓடும் ஆலை நடத்தி, ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் விரலுறைகள் செய்தார். ஆகவே, குழிகள் கச்சிதமாக இருக்கும் விரலுறையை 17-ஆம் நூற்றாண்டுக்கு முந்தையது என்று சொல்ல ஒருவர் நிறைய யோசிக்க வேண்டும்.

அலங்காரம் கொண்டவை பெரும்பாலும் வெள்ளியில் செய்தவை. விளிம்பைச் சுற்றிக் கொடி, பூ, சிறு வாசகம், உரியவரின் பெயரெழுத்துகள் பொறித்திருப்பார்கள். அன்பளிப்பாகக் கொடுக்கவும் வாங்கவும் ஏற்ற பொருள் அது. ஆனால் வெள்ளி மென்மையானது. நாள்பட்ட உழைப்பில் ஊசி அதைத் துளைத்துவிடும். இதற்குத் தீர்வாக, இங்கிலாந்தின் சார்லஸ் ஹார்னர் வெள்ளிக்குள் எஃகு வைத்த 'டார்கஸ்' விரலுறைக்கு 1884-இல் காப்புரிமை பெற்றார். அகழ்வில் கிடைக்கும் வெள்ளி விரலுறையில் தேய்ந்த ஓட்டை இருந்தால், அது பெட்டியில் பூட்டிவைத்த அலங்காரப் பொருளாக இருந்ததில்லை, உழைத்த பொருள் என்று துணிந்து சொல்லலாம்.

யார் தைத்தார்கள் என்பதையும் விரலுறை காட்டும். 1545-இல் மூழ்கிய 'மேரி ரோஸ்' என்ற ஆங்கிலப் போர்க்கப்பலில் மாலுமிகளின் தையல் பொருள்களோடு விரலுறைகளும் கிடைத்தன. தையல் பெண்கள் வேலை என்ற எண்ணத்துக்கு அது நேரடியான மறுப்பு. மிகச் சிறிய அளவில் கிடைப்பவை, குழந்தைகளும் ஊசி பிடித்ததைக் காட்டுகின்றன.

நம் வட்டாரத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சீனரும் ஜப்பானியரும் மேல்மூடி இல்லாத வளைய வடிவ விரலுறையை விரலின் நடுவில் அணிவது வழக்கம். சீனாவில் ஹான் அரசமரபுக் காலக் கல்லறையிலேயே அப்படி ஒன்று கிடைத்திருக்கிறது. பார்த்தவுடன் மோதிரம் என்றே நினைப்போம். சுற்றிலும் குழிகள் இருக்கின்றனவா என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 1587-இல் போர்த்துகீசியர் அழித்த ஜொகூர் லாமா கோட்டையும், சீனக் கப்பல்களும் ஐரோப்பியக் கப்பல்களும் வந்துபோன மலாக்காவும் இருக்கும் நாட்டில், இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருப்பது பயன் தரும்.

அப்படி ஒன்று கையில் கிடைத்தால் புளியோ சாம்பலோ போட்டுத் துலக்காதீர்கள். தேய்த்தால் களிம்போடு குழியின் விளிம்பும் முத்திரையும் போய்விடும். கிடந்த இடத்தைப் படமெடுங்கள். எவ்வளவு ஆழத்தில், எந்தப் பொருள்களோடு கிடந்தது என்று குறித்துவையுங்கள். இடம் தெரியாத விரலுறை தன் வரலாற்றில் பாதியை இழந்துவிடும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு தேசியப் பாரம்பரியச் சட்டப்படி, பாரம்பரிய மதிப்புள்ளதாகத் தோன்றும் பொருளைக் கண்டெடுப்பவர் பாரம்பரிய ஆணையரிடமோ மாவட்ட அதிகாரியிடமோ உடனே தெரிவிக்க வேண்டும். செடெனாக்வாசிகளுக்கு அது கூலாய் மாவட்ட அலுவலகம். பொருள் சிறிது என்று தயங்காமல் அங்கே கொண்டுபோய்ச் சொல்லுங்கள்.