5,000 ரூபாய் ஓவியத்தில் ஓவியருக்கு மிஞ்சுவது எவ்வளவு? புதியவர்கள் விலை வைப்பது எப்படி?

இன்ஸ்டாகிராமில் ஓவியம் ஒன்றைப் போட்டதும் வரும் முதல் கமென்ட் 'செம!'. அடுத்தது 'விலை என்ன?'. அங்கேதான் புதிய ஓவியர்களுக்குக் கை நடுங்கும். ஆள் ஓடிவிடுவாரோ என்ற பயத்தில் மனதுக்குத் தோன்றிய ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். பின்னாளில் அவர்களைக் கட்டிப்போடுவது அந்தத் தொகைதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 24-க்கு 36 அங்குலத்தில் ஓர் அக்ரிலிக் ஓவியம், நான்கு நாள் வேலை. கேன்வாஸ், கலர், ஃப்ரேம் எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தவருக்கு 5,000 ரூபாய்க்குக் கொடுத்தால் 2,800 மிச்சம். பரவாயில்லையேன்னு தோணும்.

அடுத்த மாதம் ஒரு கேலரி, இதே அளவு ஓவியத்தைக் கேட்கிறது. விற்ற விலையில் 30 முதல் 50 சதவீதம் வரை கேலரிகள் கமிஷன் எடுப்பது சகஜம். 40 சதவீதம் என்றால் 2,000 ரூபாய் அங்கேயே போச்சு. செலவும் போக மிஞ்சுவது 800. அதாவது, ஒரு நாளைக்கு 200 ரூபாய்!

கேலரியில் மட்டும் ஏத்தி வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால், வாங்க வந்தவர் அங்கேயே நின்று போனில் உங்கள் பெயரைத் தேடுவார். அதே அளவு ஓவியம் இன்ஸ்டாவில் பாதி விலைக்கு இருந்தால், வாங்கவும் மாட்டார். கேலரிக்காரர் உங்களை மறுபடி கூப்பிடவும் மாட்டார். அதனால், கமிஷனையும் சேர்த்துத்தான் முதல் நாளே விலை வைக்க வேண்டும். எங்கே விற்றாலும் அதே விலை. நேரடியாக விற்கும்போது மிச்சமாகும் கமிஷன், பேக்கிங், கூரியர், வாட்ஸ்அப் பேரம் என நீங்கள் பார்க்கும் வேலைக்கான கூலி.

எந்த அளவுகோல்?

சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்பது பலர் பின்பற்றும் முறை. 10 ரூபாய் என்றால் மேலே சொன்ன ஓவியம் 8,640 ரூபாய். இதில் ஒரு சிக்கல்: 12-க்கு 16 அங்குலச் சின்ன ஓவியம் 1,920 ரூபாய்க்கு இறங்கிவிடும். சின்ன ஓவியத்தில் வேலை அந்த அளவுக்குக் குறைவதில்லை என்பது வரைபவர்களுக்குத் தெரியும்.

நீளத்தையும் அகலத்தையும் கூட்டிப் பெருக்கும் முறை இன்னும் நியாயமாகத் தெரிகிறது. அங்குலத்துக்கு 150 ரூபாய் வைத்தால் பெரியது 9,000, சின்னது 4,200. பெரியதில் 40 சதவீத கமிஷனும் செலவும் போக 3,200 கையில் நிற்கும். 150 என்பது உதாரணத்துக்குத்தான்; உங்களைப் போன்ற புதியவர்கள் குரூப் ஷோக்களில் என்ன விலை வைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 'இந்தப் படம் என் மனசுக்கு நெருக்கமானது' என்று விலை ஏற்ற வேண்டாம். அப்படி இருந்தால் விற்காமல் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம்!

விற்கலைன்னா?

விலையைக் குறைக்கத்தான் முதலில் தோன்றும். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரது மாணவர்களும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பெரும்பாலானோர் பெயர் தெரியாத இளைஞர்கள். பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஓவியத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய நெருக்கடி அதனால் குறைந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் பிரின்ட், வாழ்த்து அட்டை, வார இறுதி வகுப்பு.

பில் ஏன் முக்கியம்?

ஓவியத்தை விற்றாலும் காப்புரிமை ஓவியரிடமே இருக்கும். வாங்கியவர் அதை டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்க முடியாது. ஆனால், ஒருவர் காசு கொடுத்து 'எனக்கு இப்படி வரைஞ்சு கொடுங்க' என்று ஆர்டர் தந்தால் கதை வேறு. எதிராக ஒப்பந்தம் எதுவும் இல்லாவிட்டால், 1957 காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி காப்புரிமை அவருக்கே. அட்வான்ஸ் வாங்கும்போதே 'காப்புரிமை ஓவியருக்கு' என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது.

இதே சட்டத்தின் 53ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. நீங்கள் விற்ற ஓவியம் பிற்பாடு 10,000 ரூபாய்க்கு மேல் கைமாறினால், காப்புரிமையின் முதல் உரிமையாளர் என்ற முறையில் அதில் பங்கு கேட்கலாம். உச்சவரம்பு 10 சதவீதம். கேட்க ஆதாரம் வேண்டுமே? ஓவியத்தின் பெயர், அளவு, தேதி, விலை போட்ட பில்லும், அதை யார் வாங்கினார் என்ற குறிப்பும் உங்கள் கையில் இருக்கட்டும்.