வெள்ளை நிறமும் கேளாக் காதும்

அரூரை அடுத்த தீர்த்தமலைப் பக்கம் ஆடு வளர்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். பட்டிக் காவலுக்கென்று நல்ல விலை கொடுத்து இராஜபாளையம் குட்டி ஒன்று வாங்கினாராம். தும்பைப்பூ வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு, நெடுநெடுவென்று உடம்பு. "ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை சார். பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தாலும் தூக்கம் கலைவதில்லை. வாசலில் நிழலாடினால் மட்டும் பாய்கிறது. திமிரா, மந்தமா?" என்று கேட்கிறார். இரண்டுமில்லை. குட்டிக்குக் காது கேட்கவில்லை. பெரும்பாலும் அந்த வெள்ளைதான் காரணம்.

நிறமும் செவிடும் சேர்ந்து வருவது நாய்க்கு மட்டுமல்ல: நீலக்கண் பூனைகள் செவிடாக இருப்பதை 1859இலேயே டார்வின் எழுதிவைத்தார். ஏன் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

நாய் முடியில் இருப்பது இரண்டே சாயம்: ஒன்று கருப்பு, மற்றது செம்மஞ்சள். கன்னி நாயின் கருப்பும் கண்ணுக்கு மேல் உள்ள பொட்டும், சிப்பிப்பாறையின் மான் நிறமும் இவற்றின் கூட்டல் கழித்தல்தான். வெள்ளை மட்டும் தனி ரகம். அது இரண்டு வழியில் வரும். நம் தெருக்களில் பொமரேனியன் என்று வளர்க்கிறார்களே, அதன் மூக்கைப் பாருங்கள்: கன்னங்கரேல் என்றிருக்கும். தோலில் நிறமி செல்கள் இருக்கின்றன, முடியில் மட்டும் சாயம் வெளிறிவிட்டது என்று அர்த்தம். அதற்குக் காது நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். இராஜபாளையத்தின் இளஞ்சிவப்பு மூக்கு சொல்லும் சேதி வேறு. அந்த இடத்துக்கு நிறமி செல்லே வந்து சேரவில்லை.

கருவில் இந்தச் செல்கள் முதுகுத்தண்டை ஒட்டிப் பிறந்து, அங்கிருந்து உடம்பெங்கும் நகர்ந்து போகின்றன. வாணியாறு அணையில் தண்ணீர் குறைவாகத் திறந்தால் கடைமடைக்காரன் வயல் காய்வதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே கதைதான் இங்கும். செல்கள் கொஞ்சம் குறைந்தால் பாதமும் நெஞ்சும் வால்நுனியும் வெளுக்கும். மிகவும் குறைந்தால் உடம்பே வெளுத்துவிடும். 2007இல் வெளியான ஓர் ஆய்வு, பாக்ஸர் நாய்களை வைத்து, எம்.ஐ.டி.எஃப். என்ற மரபணுவுக்கு இதில் பங்கு உண்டு என்று காட்டியது.

எனக்கு அலுக்காத விந்தை இனிமேல்தான் வருகிறது. அந்தச் செல்களுக்கு உட்காதிலும் வேலை இருக்கிறது. நத்தை ஓடு போன்ற அந்த உறுப்புக்குள் ஒரு திரவம். அதில் பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் திசுவில் இவையும் உட்கார்ந்திருக்கின்றன. யாருமே பார்க்காத இருட்டில் நிறமி செல்லுக்கு என்ன வேலை என்று கேட்டால், இதுதான் வேலை. அவை வராவிட்டால் அந்தத் திசு நலிகிறது. ஒலியை வாங்கும் நுண்மயிர்ச் செல்கள் பின்னாலேயே மடிகின்றன. குட்டி பிறந்து மூன்று நான்கு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். அல்பினோ விலங்கில் செல் இருக்கும், சாயம் செய்யத்தான் அதற்கு வராது. அதனால் காது தப்பித்துக்கொள்கிறது. இராஜபாளையத்தை அல்பினோ என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவில் டால்மேஷியன் நாய்களைச் சோதித்தபோது ஏறக்குறைய 100க்கு 8 முழுச்செவிடு, 22 ஒரு காது மட்டும் கேட்பவை என்று தெரிந்தது. அந்த இனத்தில் பிறக்கும்போதே பெரிய கருந்திட்டோடு வரும் குட்டிகளுக்குச் செவிடு குறைவு. செல் அதிகம் வந்து சேர்ந்ததற்கு அந்தத் திட்டே சாட்சி. ஆனால் அங்குள்ள நாய்க் கண்காட்சி விதிப்படி திட்டு இருந்தால் தகுதி இல்லை! காது கேட்கும் நாயை வெளியே தள்ளி, கேளாத நாய்க்குக் கோப்பை கொடுக்க வழிசெய்யும் விதியை என்னவென்பது?

நாம் மட்டும் ஒழுங்கா? 2005இல் அஞ்சல் தலையில் ஏறிய நம் இராஜபாளையம் நாயிலும் கருப்போ பழுப்போ விழுந்த குட்டி அவ்வப்போது பிறக்கத்தான் செய்கிறது. அதைக் "கலப்பு" என்று ஒதுக்கிவிட்டு, வெள்ளையோடு வெள்ளையை, அதுவும் நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கிறார்கள். காவலுக்குப் பேர்போன நாயிடம் நாம் கேட்பது காதையா, சுண்ணாம்பு நிறத்தையா? வாங்குகிறவர்களும் மூக்கின் சிவப்பைப் பார்த்து விலை பேசுகிறார்களே தவிர, முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைத் தட்டிப் பார்ப்பதில்லை.

அப்படித் தட்டும்போது தரை அதிரக்கூடாது. செவிட்டு நாய் பாதத்தால் கேட்டுவிடும். ஒரு காது கேட்கும் குட்டியோ இந்தச் சோதனையில் தப்பிவிடும். தலையில் மின்முனை பொருத்தி, ஒவ்வொரு காதிலும் ஒலியெழுப்பி மூளையின் பதிலைப் பதிவு செய்தால்தான் அது பிடிபடும். இனவிருத்தியில் குறை தொடர்வதற்கு இப்படித் தப்பிய நாய்களும் ஒரு காரணம்.

தீர்த்தமலை வாசகருக்கு: குட்டியை அடிக்காதீர்கள். கையசைவில் பழக்குங்கள், சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் தரையைத் தட்டி எழுப்புங்கள், மிரண்டு கடிக்காது. பட்டிக்குக் காது கேட்கும் நாட்டு நாய் ஒன்றையும் துணைக்கு விடுங்கள். இதை மட்டும் இனவிருத்திக்கு விடவே விடாதீர்கள். விற்றவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், அதே ஜோடியை அவர் மறுபடி சேர்க்காமல் இருக்கட்டும்.