கைப்பேசியின் திறவுகோல்

ஒரு கைப்பேசியை முழு விலை கொடுத்து வாங்கிய பின்பும், அதில் எந்தச் செயலி இருக்கலாம், எது இருக்கலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் வாங்கியவரிடம் வராமல் விற்ற நிறுவனத்திடமே தங்கிவிடும் ஏற்பாடு, 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது முதல் உலகெங்கும் சகஜமாகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் கூகுளின் ஆண்ட்ராய்டைத் தாங்கிய முதல் கைப்பேசி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, வேறொரு மார்க்கமும் உண்டென்பது புலனாயிற்று. ஆண்ட்ராய்டின் மூல நிரலை எவரும் படிக்கலாம், மாற்றலாம். கூகுளின் கடையைத் தாண்டி வெளியிலிருந்தும் செயலிகளை நிறுவிக்கொள்ளலாம்.

கட்டுப்பாட்டின் பக்கம் நியாயமே இல்லை என்பது என் அபிப்பிராயமன்று. கல்யாணப் பத்திரிகை என்றும் வங்கியின் அறிவிப்பு என்றும் வேஷம் பூண்டு வாட்ஸ்அப்பில் வரும், ஏபிகே என்னும் ஆண்ட்ராய்டுச் செயலிக் கோப்பைத் தொட்டு, அது கேட்ட அனுமதிகளையெல்லாம் கொடுத்துப் பணத்தை இழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. அந்தக் கோப்பு ஐபோனில் ஓடவே ஓடாது. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், 2021-இல் வெளியான ஐஓஎஸ் 15 வரை பெரும் புதுப்பிப்புகளைப் பெற்றது; அக்காலத்து ஆண்ட்ராய்டுக் கைப்பேசிகளில் பல, இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. இந்நுட்பங்களில் மனம் செலுத்த அவகாசமில்லாதவருக்குக் கட்டுப்பாடுள்ள கைப்பேசியே உசிதமென்று தயங்காமல் சொல்வேன்.

ஆனால் காவலுக்கு நின்றவனை அரசாங்கமே நெருக்கினால் என்ன நேரும் என்பதற்கு, 2021 செப்டம்பரில் ருஷ்யாவில் நடந்தது சாட்சி. பாராளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சியைத் தோற்கடிக்க வல்ல வேட்பாளர் யாரென்று தொகுதிதோறும் காட்டுவதற்காக எதிரணித் தலைவர் அலெக்ஸி நவால்னியின் அணியினர் உண்டாக்கிய செயலியை, வாக்குப்பதிவு தொடங்கிய தினத்திலேயே ஆப்பிளும் கூகுளும் தத்தம் கடைகளிலிருந்து நீக்கின. கடைகள் இரண்டும் பணிந்தன. எனினும் ஆண்ட்ராய்டு வைத்திருந்தவருக்குக் கோப்பை நேரே பெற்று நிறுவிக்கொள்ளும் வழி மிஞ்சியது. ஐபோன் வைத்திருந்த சாதாரணருக்கு அதுவும் இல்லை. வஞ்சகரின் கோப்பு நுழைகிற அதே வாசல்தான் இது என்பதை ஒப்புக்கொண்ட பின்பும், அவ்வாசலை அடைத்துவிடச் சம்மதிக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஆழ்ந்த சுதந்திரத்தை நாடுபவர், லீனியேஜ் ஓஎஸ் போன்ற மாற்று இயங்குதளத்தை நிறுவி, தயாரித்தவர் கைவிட்ட சில கைப்பேசிகளுக்கும் மறுவாழ்வு அளிக்கலாம். அதற்காக, கைப்பேசி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரின் பூட்டைத் திறக்கும்போது உள்ளிருப்பதெல்லாம் அழியும். வங்கிச் செயலிகள் சில பிறகு இயங்க மறுக்கும்.

இப்போது எல்லைகளே இடம் மாறி வருகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, 2024 மார்ச் முதல் அங்குள்ள ஐபோன்களில் பிற கடைகளையும் ஆப்பிள் அனுமதிக்கிறது; கூகுளோ, தன்னிடம் அடையாளத்தைப் பதிவு செய்யாத நிரலாளர்களின் செயலிகளைத் தன் சான்றுபெற்ற கைப்பேசிகளில் நிறுவ இயலாதபடி படிப்படியாகத் தடுக்கப்போவதாக 2025 ஆகஸ்டில் அறிவித்து, எதிர்ப்பு எழுந்த பின், விவரமறிந்தவர்களுக்கு மட்டும் ஒரு வழி விடுவதாகக் கூறியது. ஆகையால் ஆண்ட்ராய்டு என்ற பெயரை மட்டும் நம்பிவிடாமல், பூட்லோடரைத் திறக்கத் தயாரிப்பாளர் இடங்கொடுக்கிறாரா, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக ஒப்புகிறார் என்று விசாரித்த பிறகே வாங்க வேண்டும். 2023-இல் வந்த பிக்சல் 8-க்குக் கூகுள் 7 ஆண்டுப் புதுப்பிப்புக்கு வாக்குறுதி அளித்திருக்கையில், மற்றவர்களிடமும் அதைக் கேட்பது பேராசையாகாது.