விடிகாலையில் கண் எரிக்கும் டயப்பர்

"அக்கா, டயப்பரைக் கழட்டினதும் கண்ணு எரியுதுக்கா. நேத்துதான் ரெண்டு தடவை துவைச்சேன். இனிமே என்னால முடியாது, எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடறேன்."

தங்கை போனில் இப்படிச் சொன்னபோது அவள் மகனுக்கு ஏழு மாதம். பிரசவத்துக்கு முன்பே ஆசையாக 18 துணி டயப்பர்கள் வாங்கி அடுக்கிவைத்தவள் அவள். முதல் மூன்று மாதங்கள் ஒரு குறையும் இல்லை. பிறகு மெல்ல ஒரு நெடி, அதன்பின் ஓரங்களில் கசிவு, கடைசியில் பையனின் தொடையிடுக்கில் சிவப்பு. துணி டயப்பரைக் கைவிட்ட பல வீடுகளில் கதை இந்த வரிசையில்தான் நடக்கிறது. பழியைத் துணியின்மேல் போட்டுவிட்டுக் கடையில் பாக்கெட் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். சென்னைப் புறநகரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன். துணி நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் துவைத்த விதத்தில். அதிலும் பாதி, குழாயில் வந்த போர் தண்ணீரில்.

முதலில் அந்த நெடி. குழந்தை அப்போதுதான் கழித்த சிறுநீருக்குக் கண்ணை எரிக்கும் குணம் கிடையாது. அதில் கரைந்திருக்கும் யூரியாவுக்கு மணமே இல்லை. ஆனால் மலத்திலும் தோலிலும் வாழும் பல பாக்டீரியாக்களிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது ஒரு யூரியா மூலக்கூறை நீரின் துணையோடு உடைத்து இரண்டு அம்மோனியா மூலக்கூறுகளையும் ஒரு கார்பன் டை ஆக்சைடையும் விடுவிக்கும். தங்கையின் கண்ணை எரித்தது அந்த அம்மோனியா.

இந்த நொதிக்கு அறிவியல் வரலாற்றில் பெரிய இடம் உண்டு. நொதி என்பது என்ன பொருள் என்றே வேதியியலாளர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த 1926-ல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்து, அது ஒரு புரதம் என்று காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய உறவான ஓர் அவரையின் விதை. முதன்முதலில் படிகமாக்கப்பட்ட நொதி இதுதான். இடக்கைப் பழக்கமுள்ள சம்னர், பதினேழு வயதில் வேட்டை விபத்தில் அந்த இடக்கையையே இழந்தவர். ஆய்வுக்கூட வேலை முழுவதையும் வலக்கையால் பழகிக்கொண்டார். 1946-ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அம்மோனியா நெடியோடு நின்றுவிடுவதில்லை. ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. அம்மோனியா அதைக் காரத்தின் பக்கம் தள்ளுகிறது. மலத்தில் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் நொதிகள் இருக்கின்றன; காரம் கூடக்கூட அவை சுறுசுறுப்பாகி, ஈரத்தில் ஊறி நெகிழ்ந்த பிஞ்சுத் தோலையே கரைக்கப் பார்க்கின்றன. சிறுநீரும் மலமும் சேர்ந்து கிடந்தால் புண் ஏன் சீக்கிரம் வருகிறது என்பதற்கு விளக்கம் இதுதான்.

சரி, இரண்டு தடவை துவைத்த துணியில் பாக்டீரியா எப்படித் தங்கியது? ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதியளவு குழாய்த் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்கினேன். நுரை எழவில்லை. பால் திரிந்தாற்போல வெள்ளைத் திப்பிகள் மிதந்தன. தங்கை வாயடைத்துப்போய்ப் பார்த்தாள். தண்ணீரில் கரைந்துள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசினாக மாறியதன் அடையாளம் அது. வாளியின் விளிம்பில் படியும் அந்த வெள்ளைக் கறை, துணியின் இழைகளிலும் படியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரையிலான கடினத்தன்மையை ஏற்கிறது. வேறு நீர் இல்லாத இடங்களில் 600 வரை சகித்துக்கொள்ளச் சொல்கிறது. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் இதையும் தாண்டிவிடுகிறது.

இன்றைய சலவைத்தூள்களில் இருப்பது சோப்பு இல்லை என்பதால் அவை இப்படித் திரிவதில்லை. அவற்றில் கால்சியத்தைப் பிடித்து ஒதுக்குவதற்கென்றே சில பொருள்களும் சேர்க்கப்படுகின்றன. ஆனால் கடின நீரில் அந்தப் பொருள்கள் கால்சியத்தோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடுகின்றன. தூளில் மிஞ்சியதுதான் அழுக்கை எடுக்கும். தங்கை போட்டதோ அரை ஸ்பூன். "குழந்தைத் துணியாச்சேக்கா, கெமிக்கல் கம்மியா இருக்கட்டும்னுதான்" என்றாள். சில நாள்களில் அதுவும் வேண்டாம் என்று பூந்திக்கொட்டை ஊறவைத்த நீரில் அலசியிருக்கிறாள். கூடவே மணத்துக்காக ஒரு மூடி கண்டிஷனர்.

எனக்கு மனம் கனத்துப்போனது. பாசத்தால் செய்த ஒவ்வொன்றும் பிள்ளையின் தோலுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. பூந்திக்கொட்டை பட்டுக்கு நல்லது. மலமும் சிறுநீரும் ஊறிய பல அடுக்குத் துணிக்கு அதன் வலு போதாது. கண்டிஷனரில் இருக்கும் மூலக்கூறுகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. ஈரத்தில் எதிர்மின்னேற்றம் பெறும் இழைகளில் ஒட்டிக்கொண்டு, தங்கள் கொழுப்பு வால்களை வெளியே நீட்டி நிற்கும். துணி மிருதுவாகத் தெரிவது அந்தக் கொழுப்புப் பூச்சினால்தான். நீரை உறிஞ்ச வேண்டிய துணியில் கொழுப்பைப் பூசினால் அது வழியவிடாமல் என்ன செய்யும்? ஓரக் கசிவுக்குக் காரணம் அங்கே கிடைத்தது. புண்ணுக்குத் தடவும் களிம்பும் தேங்காய் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும். தடவ வேண்டியிருந்தால் இடையில் ஒரு மெல்லிய பருத்தித் துணி வைத்துவிடுவது நல்லது.

துணி டயப்பர் என்றால் பாட்டி கிழித்துக்கொடுத்த பழைய வேட்டித் துணிதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அதன் வெளிப்பக்கம், பாலியஸ்டர் துணியின் பின்புறம் பாலியூரித்தேன் படலம் ஒட்டியது, நீர் வெளியேறாது. உடலைத் தொடும் பக்கம், நீரைத் தானே வைத்துக்கொள்ளாமல் கீழே கடத்திவிடும் பாலியஸ்டர். இரண்டுக்கும் நடுவே உறிஞ்சும் பேட்: பருத்தி, மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ், அல்லது மைக்ரோஃபைபர். பருத்தியும் விஸ்கோஸும் செல்லுலோஸ். நீர் அவற்றின் இழைக்குள்ளேயே புகுந்து தங்கும். மைக்ரோஃபைபர் இழைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளில்தான் நீரைப் பிடித்துவைக்கிறது. சட்டென்று உறிஞ்சும், குழந்தை சப்பணமிட்டு உட்கார்ந்து அழுத்தினால் சட்டென்று விட்டும்விடும். அதனால் மைக்ரோஃபைபரை மேலேயும் பருத்தியைக் கீழேயும் அடுக்குவார்கள். மைக்ரோஃபைபர் தோலில் நேராகப் படக் கூடாது, தோலின் ஈரப்பசையையும் அது இழுத்துக்கொள்ளும். புதுப் பருத்திப் பேடை நாலைந்து முறை துவைத்த பிறகே முழுமையாக நம்பலாம். இழைமேல் இயற்கையாக இருக்கும் மெழுகு அப்போதுதான் போகும்.

பாட்டியின் வேட்டித் துணியில் புண் குறைவாக வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு வெளியே நீர் தாங்கும் உறை கிடையாது. குழந்தை நனைத்த மறுநொடி பாயும் மடியும் நனைந்து, யாராவது மாற்றியாக வேண்டும். இன்றைய உறை வெளியே காய்ந்தே இருக்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டும். மலம் கழித்தால் அந்தக் கணமே.

நாங்கள் செய்தது இது. பேடுகளை உறைகளிலிருந்து உருவித் தனியாக எடுத்தோம். ஹீட்டரில் வந்த சூடான தண்ணீரில், கை பொறுக்காத சூடு இருக்கலாம், கொதிக்கக் கூடாது, நல்ல சலவைத்தூளும் ஒரு ஸ்பூன் சலவைச் சோடாவும் கரைத்துச் சில மணி நேரம் ஊறவைத்தோம். சோடா கால்சியத்தைச் சுண்ணாம்புப் பொடியாகப் படியவைத்துவிடும். நுரைக்கும் தூளுக்கு அழுக்கை எடுக்க வழிவிடும். படிந்த பொடி துணியில் தங்காமலிருக்க, கடைசி இரண்டு அலசலுக்குப் பிடித்துவைத்திருந்த மழைநீரைப் பயன்படுத்தினோம். மழைநீரில் இந்த உப்புகள் கிட்டத்தட்ட இல்லை. முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் கலங்கி வந்தது. அத்தனை மாதங்களின் மிச்சம்.

அதன்பின் அன்றாட முறை. மலத்தைக் கழிப்பறையில் தட்டிவிட்டு ஹெல்த் ஃபாசெட்டில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். முதல் அலசல் குளிர்ந்த நீரில். சூடு பட்டால் முட்டை உறைவதுபோலப் புரதக் கறை உறைந்து பிடித்துக்கொள்ளும். அழுக்குத் துணியை வாளித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடக் கூடாது. அது பாக்டீரியா வளர்க்கும் குளம். தவழும் குழந்தை உள்ள வீட்டில் நீர் நிறைந்த வாளி உயிருக்கே ஆபத்து. காற்றோட்டமான கூடையில் போட்டு, தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ துவைக்கலாம். மெஷினில் முதலில் ஒரு சின்ன ஓட்டம், அந்த நீரை வெளியேற்றிவிட்டு, மிதமான சூட்டில் முழு அளவு தூளோடு ஒரு நீண்ட ஓட்டம். டிரம் முக்கால் பங்கு நிறைந்திருந்தால்தான் துணியோடு துணி உரசும். கையால் துவைப்பவர்களுக்கும் முறை ஒன்றே. கசக்குவதில் சிக்கனம் கூடாது, பேடை முறுக்கிப் பிழியலாம், உறையை முறுக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. கிருமி போகட்டும் என்று சிறுநீர் ஊறிய துணிமேல் பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கிவிடும்.

கறைக்கு மருந்து மொட்டை மாடியில் இருக்கிறது. பிறந்த குழந்தையின் மலம் மஞ்சளாக இருப்பது பிலிருபின் என்ற பித்த நிறமியால். பெரியவர்களின் குடல் பாக்டீரியா அதை வேறு நிறமிகளாக மாற்றிவிடும். குழந்தையின் குடலில் அந்தப் பாக்டீரியா இன்னும் குடியேறவில்லை. பிலிருபினுக்கு ஒளி ஆகாது. 1950-களில் இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள ராச்ஃபோர்டு மருத்துவமனையில், மஞ்சள் காமாலை கண்ட குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்கு எடுத்துச்சென்ற செவிலியர் ஜீன் வார்டு, வெயில் பட்ட தோல் மட்டும் மஞ்சள் வெளிறியிருப்பதைக் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். சன்னலோர வெயிலில் கிடந்த ரத்தக் குழாயில் பிலிருபின் குறைந்திருந்ததும் தெரியவந்தது. ரிச்சர்டு கிரீமர் குழுவினர் 1958-ல் அதை வெளியிட்டார்கள். இன்று மருத்துவமனைகளில் நீல விளக்கின் கீழ் குழந்தையைப் படுக்கவைப்பதன் தொடக்கம் அதுதான். ஈரத்தோடு வெயிலில் விரித்த பேடிலிருந்து மஞ்சள் கறை மாலைக்குள் மங்குவதும் ஒளி அதே நிறமியைச் சிதைப்பதால்தான். (காமாலைக்கு வெயில் வைத்தியத்தை வீட்டில் செய்யாதீர்கள், அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.) உறைகளை மட்டும் நிழலில் காயவையுங்கள். கடும் வெயில் படலத்தையும் எலாஸ்டிக்கையும் தின்றுவிடும்.

பயன்படுத்தி எறியும் டயப்பரை நான் பழிக்க வரவில்லை. அதனுள் இருக்கும் சோடியம் பாலிஅக்ரிலேட் தூள் தூய நீரில் தன் எடையைப் போல் நூறு மடங்குக்கு மேல் உறிஞ்சும். உப்புள்ள சிறுநீரிலேயே சுமார் முப்பது மடங்கு. தோலை உலர்வாக வைப்பதில் அது துணியை மிஞ்சுகிறது. பயணத்தில், காய்ச்சல் இரவில், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதுபோன்ற நாளில் அதை எடுப்பதில் தவறில்லை. ஆனால் நாளுக்கு 6 என்று கணக்கிட்டாலும் இரண்டரை ஆண்டில் 5,400-க்கு மேல் குப்பைக்குப் போகின்றன. உறையில் சுற்றி உலர் குப்பையில் போட வேண்டும் என்று 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லியிருந்தன. மலத்தைக் கழிப்பறையில் போடாமல் அப்படியே சுருட்டி எறிந்தால், அதைப் பிரிப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-ல் இரண்டையும் ஒப்பிட்டது. ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டில் வெளியாகும் பசுங்குடில் வாயு, எறியும் டயப்பரில் 550 கிலோ, துணியில் 570 கிலோ. துணிக்கு இந்தத் தோல்வி எதனால் வந்தது என்றால், அங்கே பலர் மின் உலர்த்தியில் காயவைக்கிறார்கள். எப்போதும் அப்படியே உலர்த்தினால் துணியின் கணக்கு 43 சதவீதம் ஏறும். முழு டிரம் போட்டு, வெளியே கொடியில் உலர்த்தி, அதே டயப்பரை இரண்டாவது குழந்தைக்கும் கட்டினால் 40 சதவீதம் இறங்கும். 2023-ல் பிரிட்டன் அரசு வெளியிட்ட புதிய கணக்கில் துணி சுமார் 25 சதவீதம் குறைவு. நமக்கோ கொடியும் வெயிலும் ஆண்டு முழுக்க இருக்கின்றன.

தங்கை வீட்டில் மூன்றாம் நாளே நெடி போய்விட்டது. சிவப்பு ஆற ஒரு வாரம் ஆனது. (மடிப்புகளுக்குள்ளும் பரவி, சுற்றிலும் சிறு சிவப்புப் பொட்டுகள் தெரிந்தால் அது பூஞ்சை, குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.) பையன் இரண்டேகால் வயதில் டயப்பரை விட்டான். 18-ல் இரண்டில் மட்டும் எலாஸ்டிக் தளர்ந்திருந்தது. மீதி 16-ம் இப்போது சித்தி மகளின் கைக்குழந்தைக்குப் போயிருக்கின்றன. அவள் வீட்டிலும் போர் தண்ணீர்தான். பாட்டிலில் சோப்பு சீவிப் போட்டுக் குலுக்கிப் பார்த்துவிட்டே தூளின் அளவைச் சொல்லிவிட்டு வந்தேன்.